படிக்காமல் விட்ட பதினோரு பக்கம்

ஒலிக்கூடத்தில் அவளுக்கு 'ஒரே மூச்சு' என்று பெயர். வைத்தவர் அங்கே ஒலிப்பதிவு செய்கிறவர். மற்றவர்கள் ஒரு பக்கம் படிப்பதற்குள் நாலு இடத்தில் தடுக்கி, "சாரி, மறுபடியும்" என்று பத்தியின் தலைக்கே ஓடுவார்கள். இவள் ஓர் அதிகாரத்தைத் தொட்டால் அது முடிந்த பிறகுதான் தண்ணீர் குடிப்பாள். தும்மல்கூட இவளிடம் அனுமதி கேட்டுத்தான் வரும் என்பார் அவர்.

பிழைப்பு என்னவோ வேறு. காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற வேலை. "நாற்பத்தாறு, மூணாம் நம்பர் ரூமுக்கு வாங்க." பதினேழு வருஷமாக இதே பல்லவி. அம்மாவுக்குக் கண்புரை காட்ட வந்த ஒருவர் மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்துவிட்டு, டாக்டரைப் பார்த்த கையோடு இவளுடைய ஜன்னலுக்கு வந்து நின்றார். "வெறும் நம்பரையே நீங்க சொன்னா அடுத்து என்னன்னு கேக்கத் தோணுதும்மா. கதை படிச்சா எப்படி இருக்கும்?" என்றார். அவர் ஒலிப்புத்தகக் கம்பெனி முதலாளி. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். இவள் கும்பிடக்கூடப் போகவில்லை, தெய்வமே டோக்கன் வாங்கிக்கொண்டு வந்திருந்தது.

ஒலிக்கூடம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி. கடையில் மிஞ்சிய நுரைத் துண்டுகளை நாலு சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். மைக் ஓடும்போது மின்விசிறி கூடாது. வயிறு காய்ந்தால் இரைகிற சத்தம் பதிவாகிவிடும் என்பதால் படியேறும் முன் இரண்டு துண்டு ரொட்டி. காகிதம் புரள்கிற சத்தமும் ஆகாது. அதனால் எத்தனை பெரிய நாவலாக இருந்தாலும் முதுகை அறுத்து, தாள் தாளாகப் பிரித்து, சாய்பலகையில் அடுக்கிவிடுவார்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடுகிற இலக்கியங்களை இப்படி அறுத்துக் கூறு போட்டுப் பார்த்ததாலோ என்னவோ, இவளுக்கு அவற்றின் மேல் பயபக்தி கிடையாது.

வாயைத் திறந்தால் அபிப்பிராயம்தான். பெரிய நாவல் எழுதிய மகான்கள் எல்லாருக்கும் கடைசி ஐம்பது பக்கத்தில் கால் வலி வந்துவிடும் என்பாள். அதுவரை ஆற அமர ஊர் சுற்றிவிட்டு, திடீரென்று ஒரு விஷக் காய்ச்சலைக் கொண்டுவந்து நாலு பேரைக் கொன்று மங்களம் பாடிவிடுவார்கள். ஆற்றைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தால் புத்தகத்தில் படிக்கிறவன் தாண்டிப் போய்விடுவான். காதில் கேட்கிறவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டாவது கேட்டே தீர வேண்டும். ஆகவே எழுத்தாளனின் சாயம் கண்ணில் வெளுக்காது, காதில்தான் வெளுக்கும். ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவர்களை அவள் மனிதர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சினிமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பஞ்சத்தில் அடிபட்ட குடும்பத்துப் பெண் இஸ்திரி போட்ட உடுப்பில் வந்து அழுவாள் என்பாள்.

இவளுடைய அக்கா இதில் நேர் எதிர்க்கட்சி. "ஆயிரம் பக்கத்துல சொல்றத ரெண்டரை மணி நேரத்துல சொல்றானே, அவன் கெட்டிக்காரனா, இழுக்கறவன் கெட்டிக்காரனா?" என்பாள். ஊசியின் காது தெரிகிற கண்ணுக்கு அச்செழுத்து மட்டும் ஆகாது, பத்து வரியில் தலை சுற்றிவிடும். இவளைவிட ஆறு வயது மூத்தவள். தையல்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது வேலை. புருஷன் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், வேறொரு வீட்டில் போய் அதைக் கழற்றினான். அதிலிருந்து அக்காவும் தங்கையும் இரண்டு அறை வீட்டில், ஒருத்திக்கு ஒருத்தி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அக்கா உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்ததால் நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒலிக்கூடத்துக்குப் போக இன்னும் நேரம் கிடக்கிறதே என்று தங்கை வீட்டுக்கு வந்தாள். தட்டினாள், இடித்தாள், கீழ்வீட்டு பிளம்பரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தாள். அக்காவுக்கு உயிர் இருந்தது. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து திரும்பி வந்த பிறகு, அந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மரம் ஊதிப்போய்க் கதவு சிக்குகிறது என்று சாக்குச் சொல்லி, தங்கை எல்லாக் கதவுகளிலும் தாழ்ப்பாளைக் கழற்றினாள். ஒருநாள்கூட அக்காவிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். மறுபடியும் நடக்குமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அந்த இரண்டு பயத்தோடும்தான் அவள் தினமும் டோக்கன் கூப்பிட்டாள், கதை படித்தாள், ரொட்டி தின்றாள்.

அப்புறம் ஆறு மாசத்தில் 'பெரிய புத்தகம்' வந்தது. வீட்டில் அப்படித்தான் அதைச் சொன்னார்கள். மூன்று பாகம், நூறு வருஷப் பழசு. பெயரைச் சொன்னால் எல்லாரும் "ஆகா!" என்பார்கள், அடுத்த கேள்வி கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அவ்வளவு உயர்ந்த இலக்கியம். வெள்ளிக்கிழமைதோறும் நாலு அதிகாரம் வெளியாயிற்று. அதில் ஒரு மூத்த மருமகள் உண்டு. புருஷன் கைவிட்டும் மாமனார் வீட்டிலேயே இருந்துகொண்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்து, வீட்டையே கலாய்த்துக்கொண்டிருப்பவள். அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காதில் இயர்போன், மடியில் சட்டை, வாயில் மூத்த மருமகளின் பேச்சு. தையல்கடைக்காரருக்கு 'அரைமுழம்' என்று பெயர் வைத்தாள். எட்டாவது வாரம் பெட்டியிலிருந்து தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் தங்கை மாடிப்படி ஏறி வரும்போது, உள்ளே அக்கா தனியாக விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. தங்கை படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் மேலே போனாள்.

இதில் ஒரு வினை இருந்தது. இவள் எதையும் முன்கூட்டிப் படிக்க மாட்டாள். மற்றவர்கள் வீட்டில் இரண்டு தடவை படித்து, பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வருவார்கள். "அடுத்த வரியில என்னன்னு எனக்கே தெரியாம இருந்தாத்தான் கேக்கறவங்களுக்கும் தெரியாம இருக்கும்" என்பது இவள் கட்சி. எல்லாம் அந்தக் கர்வம் செய்த வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்தோராம் அதிகாரம். மூத்த மருமகள் அடுப்பைத் துடைக்கிறாள். துணிகளை மடித்து அடுக்குகிறாள். யாரையும் பட்டப்பெயர் சொல்லாமல் அவரவர் சொந்தப் பெயரால் இதமாகக் கூப்பிடுகிறாள். இவளுக்குக் கழுத்து வேர்த்தது. துணி மடிக்கிறது, இதமாகப் பேசுகிறது எல்லாம் இவள் கண்ணால் பார்த்தது, அக்கா தாழ் போட்ட நாளுக்கு முந்தின நாள். வாய் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்க, கண் அடுத்த தாளுக்கு ஓடியது, அதற்கடுத்த தாளுக்கு ஓடியது. பதினோரு பக்கம். மூத்த மருமகள் ஆற்றில் இறங்குகிறாள், திரும்பி வருவதில்லை. அதையும் மனிதர் சும்மா எழுதவில்லை. நிலா என்கிறார், அமைதி என்கிறார், தாய்மடி என்கிறார். அழகு அழகாக எழுதித் தொலைத்திருந்தார். படித்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஒரே மூச்சு முதல்முறையாக நடுவில் நின்றாள்.

"என்ன மேடம், தண்ணி வேணுமா?" என்று ஹெட்போனில் ஒலிப்பதிவாளர் குரல்.

"ஒண்ணுமில்ல. ஓடட்டும்."

வெள்ளிக்கிழமை அக்கா இதைக் கேட்பாள். தனியாக, பகலில், இவள் எங்கேயோ உட்கார்ந்து ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அதுவும் தங்கச்சி குரலில் கேட்பாள். மூத்த மருமகள் படித்துறைக்கு வருவது வரை ஆசிரியர் எழுதியபடி படித்தாள். அதற்குமேல் இவள் வாய்க்கு வந்தது:

"படகுக்காரன் துடுப்பை நிறுத்தினான். 'எங்கேம்மா போகணும்?' 'அக்கரைக்கு.' 'அக்கரையிலே யார் இருக்காங்க?' 'இனிமேல்தான் தெரியும்' என்று சொல்லி மூத்த மருமகள் படகில் ஏறினாள்."

பதினோரு தாளையும் ஒன்றாகத் தூக்கிக் கீழே வைத்தாள். ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக ஒன்பது பொய் வேண்டுமே. மீதி ஏழு அதிகாரத்திலும் 'செத்தவள்' என்று வந்த இடத்திலெல்லாம் 'போனவள்' என்று படித்தாள். துக்கத்தில் அழுத மாமனாரை, கடுதாசி வரவில்லையே என்று அழ வைத்தாள். ஒலிப்பதிவாளர் திரையில் ஓடும் அலைக்கோட்டைப் பார்ப்பாரே தவிர புத்தகத்தைப் பார்க்கிறவர் இல்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப்பார்க்கிற பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அக்கா வாசலிலேயே நிற்கிறாள். "கிளம்பிட்டா பாத்தியா! நான்தான் சொன்னேன்ல, அவ இருக்கற ஆளா!" அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். முதலாளியிடமிருந்து போன் வந்தால் ஒரு தடவை அடித்து ஓயவிட்டுத்தான் எடுப்பாள். நாலாயிரம் பேர் அந்த ஒலிப்புத்தகத்தைக் கேட்டார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'நாவலின் ஆன்மாவைத் தொட்ட வாசிப்பு' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது. பெரிய புத்தகத்தை எல்லாரும் புகழ்ந்திருக்கிறார்கள், கடைசிவரை படித்த ஆளைக் காணோம். அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய புத்தகம் சினிமாவாகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுடைய பேய்க்கு எட்டடி உயரத்தில் கலர் போஸ்டரே அடித்திருந்தார்கள். நிலா வெளிச்சம், ஆறு, முழங்கால் தண்ணீரில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். படகைக் காணோம். இவள் அந்த பஸ்ஸைத் தவறவிட்டாள், அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அக்காவுக்கு அதற்குள் சேதி தெரிந்திருந்தது. "எந்தப் படத்துக்குப் போறமோ இல்லையோ, இதுக்குப் போறோம். அவ படகுல ஏறுறத நான் கண்ணால பாக்கணும்."

"அறுவையா இருக்குமாம்க்கா. பாத்தவங்க சொல்றாங்க."

"படமே இன்னும் வரல, அதுக்குள்ள பாத்தவங்களா? நீ எந்தப் படத்தத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்க?"

இத்தனை நாள் சினிமாவை வசைபாடியதற்கு அன்றைக்குத்தான் கூலி கிடைத்தது. இவள் சொல்லுக்கு மரியாதை இல்லை. படம் எப்படி முடிகிறது என்று விசாரிக்கலாம் என்றால் யாரிடம் விசாரிப்பது? முடிவைக் கேட்டால் நீங்கள் படித்த முடிவுதானே என்பார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தாள். மூன்று தடவையும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறவளிடம் போய், 'உனக்காகப் பொய் சொன்னேன், அவள் செத்துப்போனாள்' என்று எந்த வாயால் சொல்வது? ஆஸ்பத்திரியில் ஒரே எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டு வாங்கினாள். நடு நடுவே வீட்டுக்குப் போன் போட்டு, "என்ன பண்ற?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

கடைசியில் கதவைத் தட்டிக்கொண்டே வந்தது வினை. இவள் குளித்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் போனை அக்கா எடுத்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் படத்துல வேலை செஞ்சவங்க மட்டும் பாக்கற காட்சியாம். அந்தம்மா கட்டாயம் வரணும்னு டைரக்டரே சொன்னாராம். நாங்க ரெண்டு பேரு வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. டைரக்டர் எதற்குக் கூப்பிடுகிறார்? கண்டுபிடித்துவிட்டாரா? எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பாரா? தலையைத் துவட்டியபடி இவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அது சின்னத் தியேட்டர், முப்பது பேருக்கு மேல் இல்லை. முன்வரிசையில் ஒரு வயதானவர் மடியில் தலையணை கனத்துக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி அறிமுகப்படுத்தினார். பெரிய புத்தகத்தை முப்பது வருஷம் கல்லூரியில் நடத்திய பேராசிரியர். "நீங்க படிச்சதா சொன்னாங்கம்மா. நான் கேக்கல. நான் காதால படிக்கிறவன் இல்ல" என்று அவர் பெருமையாகச் சிரித்தார். அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே மனிதர் இவளுக்கு நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

இவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். அந்த இடம் வரும்போது மயக்கம் வந்த மாதிரி சாய்ந்துவிட வேண்டியது. அக்கா எப்படியும் வெளியே கூட்டிப் போவாள். விளக்கணைந்தது. படம் ஓடியது. இஸ்திரி உடுப்பு இருந்தது, இவள் கவனிக்கவில்லை. அக்கா பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வசனத்தையும் ஒரு விநாடி முன்னதாகவே வாய்க்குள் சொன்னாள். இவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வியர்வையில் வழுக்கி வழுக்கி மறுபடி பிடித்தாள்.

திரையில் மூத்த மருமகள் அடுப்பைத் துடைத்தாள். துணி மடித்தாள்.

"அக்கா, எனக்கு மயக்கமா வருது. வெளிய போலாம்."

"கொஞ்சம் பொறு. இப்பப் படகு வந்துரும்."

"முடியலக்கா. வா."

"நீ போ, நான் பாத்துட்டு வர்றேன்."

திட்டத்தில் இது இல்லை. மூத்த மருமகள் படித்துறையில் இறங்கினாள். கணுக்கால் தண்ணீர். முழங்கால் தண்ணீர். இவள் கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள். தண்ணீரின் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது.

அப்புறம் ஒரு துடுப்பின் சத்தம். "எங்கேம்மா போகணும்?" என்றான் யாரோ.

கண்ணைத் திறந்தாள். திரையில் படகு நின்றது. "அக்கரையிலே யார் இருக்காங்க?" "இனிமேல்தான் தெரியும்." நடிகை படகில் ஏறினாள். அக்கா கை தட்டினாள். இவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. தான் சாய்பலகைக்கு முன்னால் வியர்க்க வியர்க்கச் சொன்ன வார்த்தை, ஒரு வார்த்தை பிசகாமல், திரையில் யாரோ ஒருத்தி வாயில் இருந்தது.

விளக்கு வந்தது. பேராசிரியர் எழுந்து நின்றிருந்தார். "இது என்ன அநியாயம்? அவ சாகணும்! அந்தப் பதினோரு பக்கம் எங்க? இலக்கியத்துக்கே உச்சம் அது!"

டைரக்டர் திகைத்தார். "சார், இதான் சார் நாவல்ல இருக்கு. நான் நாலு தடவை..."

"நாலு தடவை படிச்சீங்களா?"

"கேட்டேன் சார். கார்ல போகும்போது."

வசனம் எழுதினவரைப் பார்த்தார் டைரக்டர். அவர் தயாரிப்பாளரைப் பார்த்தார். அடுத்தவர் படித்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் நம்பி, ஒரு படத்தையே எடுத்து முடித்திருந்தார்கள். பிறகு எல்லார் முகமும் ஒவ்வொன்றாக இவள் பக்கம் திரும்பியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் இரண்டு வருஷம் மறைத்தாயிற்று. இனி முடியாது.

"நான்தான்" என்றாள், எழுந்து நின்று. "அந்தப் பக்கத்த நான் படிக்கல. நானா ஒண்ணு சொன்னேன்."

"ஏம்மா?" என்றார் முதலாளி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

இவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது. முப்பது பேர் முன்னால் அந்தக் காரணத்தைச் சொல்ல இவளுக்கு நாக்கு எழவில்லை. "தெரியல சார்" என்றாள். அக்கா எழுந்து, மெதுவாக முன்வரிசைக்குப் போனாள்.

"ஐயா, அந்தப் புத்தகத்த ரெண்டு நாளைக்குக் குடுப்பீங்களா?"

பேராசிரியர் கொடுத்தார். நாளைக்கு ஆபீசுக்கு வாங்க என்று முதலாளி பின்னாலிருந்து சொன்னது இவள் காதில் சரியாக விழவில்லை.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நிறுத்தம். ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை, கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் இன்னும் தேவலை. இவளுக்கு அந்த மௌனம்தான் ஈரக்குலையை நடுங்க வைத்தது. அக்கா இறங்கும்போது, "பாத்து, படி உயரம்" என்று இதமாகச் சொன்னாள். அந்த இதம் இன்னும் மோசம். வீட்டுக்கு வந்ததும் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இவள் வெளியே நின்றாள். குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கையைக் கதவில் வைத்துத் தள்ளப் போனபோது அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"உக்காரு. அந்தப் பதினோரு பக்கத்தப் படி."

"வேணாம்க்கா."

"என்னால படிக்க முடிஞ்சா உன்ன எதுக்குக் கேக்கப் போறேன்? படி."

சாயங்கால வெயில் இன்னும் மேஜைமேல் இருந்தது. இவள் நாற்பத்தோராம் அதிகாரத்தைப் பிரித்தாள். இரண்டாவது வரியில் தடுக்கினாள். நிலா என்ற இடத்தில் நின்றாள், அமைதி என்ற இடத்தில் நின்றாள். ஒவ்வொரு வரி முடிவிலும் தலையைத் தூக்கி அக்கா முகத்தைப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடியிருந்தாள். தாய்மடி வந்தபோது இவளுக்குக் குரல் உடைந்து, அந்த வரியை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. ஒலிப்பதிவாளர் கேட்டிருந்தால் வேறு யாரோ என்று நினைத்திருப்பார். பதினோரு பக்கத்துக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பொய்."

"பொய் இல்லக்கா. இதான் புத்தகத்துல இருக்கு. ஒரு வார்த்தைகூட மாத்தல."

"உன்னச் சொல்லல. எழுதின ஆளச் சொல்றேன்." அக்கா கண்ணைத் திறந்தாள். "அமைதியா இருந்துச்சுன்னு அவருக்கு யாரு சொன்னா? நேர்ல போய்ப் பாத்தாரா?"

இவள் படித்த பக்கத்திலேயே விரலை வைத்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருந்துச்சுடி. தாழ்ப்பாளப் போட்ட அடுத்த நிமிஷமே பயம் வந்துருச்சு. என்ன பண்ணிட்டோம், என்ன பண்ணிட்டோம்னு. எந்திரிச்சுப் போய்த் திறக்கலாம்னா கால்ல தெம்பில்ல. மணி பன்னெண்டுதான் ஆகுது, இவ ஆறரைக்குத்தான வருவா, அதுவரைக்கும் தாங்குமான்னு கணக்குப் போட்டுக்கிட்டே கிடந்தேன். மாடிப்படியில யாராவது ஏறுற சத்தம் கேக்குதான்னு. நீ தட்டினப்போ உள்ள இருந்து கத்தினேன். சத்தமே வரல."

அக்கா புத்தகத்தை இழுத்து, அட்டையைப் பார்த்தாள். "நூறு வருஷமா தலையில தூக்கி வச்சு ஆடறாங்க. பதினோரு பக்கத்துல அவ பயந்தான்னு ஒரு வரி இல்ல. இதெல்லாம் ஒரு பெரிய புத்தகமா?"

இவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. "நீ இதக் கேட்டா மறுபடியும்... எனக்குப் பயமா இருந்துச்சுக்கா. தினம் தினம். டோக்கன் கூப்பிடறப்பகூட."

"தெரியும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு என்ன பண்ற, என்ன பண்றன்னு கேப்ப. எப்படி இருக்கேன்னு ஒரு தடவை கேட்டியா? புத்தகத்த மாத்தின, தாழ்ப்பாளக் கழட்டின, படம் அறுவைன்ன. என்னக் கேக்கறத மட்டும் விட்டுட்ட. யாராவது கேட்டா சொல்லலாம்னு மூணு வருஷமா நானும் உக்காந்திருக்கேன்."

தங்கை புத்தகத்தை மூடி நகர்த்தி வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். கேள்வி தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது. நாளைக்கு முதலாளி என்ன கேட்பார் என்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் கேட்டாள்.

"அப்படி எண்ணம் இன்னும் வருதாக்கா?"

நாலு தெரு தள்ளி ஏதோ ஒரு வண்டி ஹார்ன் அடித்து ஓய்ந்தது.

"இன்னிக்கு இல்ல" என்றாள். "போன வாரம் ரெண்டு நாள் வந்துச்சு."

தங்கைக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நாற்காலியை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த ரெண்டு நாள்?"

"செவ்வாய்க்கிழமை" என்று ஆரம்பித்தாள் அக்கா.